மகத்தில் ஊன்றிய பாகல்

போன ஆடியில் நான் பாகல் விதை ஊன்றிய நாளின் நட்சத்திரம் மகம். கீழ்நோக்கு நாள். சந்திரன் சிம்ம ராசியில் இருந்தான். எங்கள் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும், கொடி விதைக்கு இதைவிட மோசமான நாள் வேண்டுமென்றே தேடினால்தான் கிடைக்கும் என்பார்கள். எனக்கு அந்த நாளை வேண்டுமென்றே தேடித்தான் கொடுத்திருந்தார்கள். அது தெரிய மாசி மாதம் ஆனது.

ஊர் பொம்மிடியிலிருந்து மலைப்பக்கம் போகிற பாதையில் இருக்கிறது. கணவர் பிறந்த ஊர். நான் சென்னையில் பிறந்தவள், ஒரு நாளிதழின் செய்தி மேசையில் உதவி ஆசிரியராக இருந்தவள். நான் வேலையை விட்டபோது கணவர் கணக்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார், மகள் கல்யாணமாகி வேறு நாட்டில் இருந்தாள். ஊருக்குப் போய் இருக்கலாம் என்று சொன்னது நான்தான், அவர் இல்லை. என் காரணம் எளிது. சென்னையில் இருந்தது வாடகை வீடு. இங்கே அவர் பங்குக்கு வந்த வீடும் அதன் பின்னால் அரை ஏக்கரும் சும்மா கிடந்தன. என் கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

அவர் உடனே மறுக்கவில்லை. மறுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"ஒரு வருஷம் பார்க்கலாம்," என்றார். "நீ போடற தோட்டம் வந்துதுன்னா இருந்துக்கலாம். வரலன்னா பேசாம கிளம்பிடணும். அரை ஏக்கரை அண்ணனுக்கே குடுத்துடலாம்."

"ஆடிக்கு ஆடியா?"

"ஆடிக்கு ஆடி."

சிரித்துக்கொண்டே பேசிய பேச்சு. ஆனாலும் அது ஒப்பந்தம் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனி முடிவதற்குள் சாமான்கள் வந்து இறங்கின.

எங்கள் வீட்டுக்கும் கணவரின் அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிளுவை வேலி. அண்ணன் நெல்லும் மரவள்ளியும் பார்ப்பவர், அதிகம் பேசாதவர். வேலி ஓரத்தில் என்னோடு பேசியது அவர் மனைவி, என் ஓரகத்தி. அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பெயர் உண்டு. எந்த நாளில் எதை விதைப்பது, எதை நடுவது, எதைப் பறிப்பது என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்வார். முன்பெல்லாம் பெண்கள் நேரில் வந்து கேட்டார்களாம். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு குழு இருக்கிறது. வாரம் ஒருமுறை பேசி அனுப்புவார். எழுதி அனுப்புவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. குரல் கொடுத்தால்தான் கேட்பார்கள் என்பார்.

என்னை அந்தக் குழுவில் சேர்க்கவில்லை. "உனக்கு எதுக்குக் கண்ணு அது? உனக்குத்தான் நான் நேர்லயே சொல்றேனே," என்றார். எனக்கு அது சலுகையாகப் பட்டது.

அவருடைய விதிகள் குழப்பமில்லாதவை. மண்ணுக்கு மேலே காய்ப்பதை வளர்பிறையில் போட வேண்டும், மண்ணுக்குள் விளைவதைத் தேய்பிறையில். கொடிக்கும் செடிக்கும் மேல்நோக்கு நட்சத்திரம், கிழங்குக்குக் கீழ்நோக்கு. அதன்பிறகு ராசி. சந்திரன் கடகம், விருச்சிகம், மீனத்தில் நின்றால் ஈரமான நாள், விதை பிடிக்கும். மேஷம், சிம்மம், தனுசில் நின்றால் நெருப்பு நாள், களை பிடுங்கலாம், அவ்வளவுதான்.

"சந்திரன் எந்த ராசியில நிக்கறான்னு பாக்காம வெதை போடறது, வூட்ல ஆளு இருக்குதான்னு கேக்காம விருந்துக்குப் போறாப்பல," என்று ஒருநாள் சொன்னார்.

"போனா என்னக்கா ஆகும்?"

"பூட்டைப் பாத்துட்டுத் திரும்பி வருவ."

முதல் விதைப்புக்கு நாள் கேட்டபோது அவர் பஞ்சாங்கத்தைத் திறந்து, திரும்ப மூடினார். பிறகு, "ஊர்ல எல்லாரும் உத்திரத்துல போடுவாங்க. நல்ல நாளு. உனக்கு மட்டும் அது ஆவாது. உன் நட்சத்திரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன். ரெண்டு நாள் முந்தியே ஊனிப்புடு," என்றார். நாள் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, ஊன்றுகிற கைக்கும் அது ஒத்துவர வேண்டும் என்று விளக்கினார்.

"என் நட்சத்திரம் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உனக்குப் பொருத்தம் பாத்தப்ப நான் இந்த வூட்டுல இல்லாம எங்க போயிருந்தேன்?"

எங்கள் சுவரிலும் தினசரி நாள்காட்டி தொங்கியது. மேல்நோக்கா கீழ்நோக்கா என்று அதில் ஓரத்தில் அச்சிட்டிருப்பார்கள். கேட்டால், அது ஊருக்கெல்லாம் போடுவது, கைக்குத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பார். சரி என்று விட்டுவிட்டேன்.

எனக்கு இதில் நம்பிக்கை கிடையாது. செய்தி மேசையில் ஒருமுறை பக்கத்தில் இடம் போதாமல் ராசிபலனில் கடைசி இரண்டு ராசிகளை வெட்டியிருக்கிறேன். மறுநாள் மீன ராசிக்காரர்கள் தொலைபேசியை வைக்க விடவில்லை. பூமிக்கும் சந்திரனுக்கும் நடுவில் என் பாகல் விதையின் இடம் என்ன என்பது பற்றி எனக்கு மயக்கம் எதுவும் இல்லை. ஆனாலும் அக்கா சொன்ன நாளில் ஊன்றினேன். அவர் சொல்ல நான் கேட்பதில் ஓர் உறவு வளர்ந்துகொண்டிருந்தது. ஊரில் மற்றவர்கள் என்னிடம் "எப்ப வந்தீங்க, எப்பப் போவீங்க" என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டார்கள். அக்கா மட்டும்தான் நாளை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டார்.

விதையும் அவர் கொடுத்ததுதான். பாகல், சுரை, அவரை மூன்றையும் தனித்தனியே சாம்பலில் புரட்டி, பழைய துணியில் முடிந்து கொடுத்தார்.

எல்லாம் முளைத்தது. பாகல் பந்தல் ஏறியது. ஆவணி கடைசியில் பிஞ்சு விட்டது. அக்கா ஒருநாள் வேலியைத் தாண்டி வந்து பந்தலுக்குக் கீழே நின்றார். ஓர் இலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"மருந்து கிருந்து அடிச்சியா?"

"இல்லக்கா. வேப்பம்புண்ணாக்கு மட்டும் வெச்சேன்."

"தண்ணி?"

"நீங்க சொன்னாப்பலதான்."

"ம்," என்றார். இலையை விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் பாராட்டை எதிர்பார்த்திருந்தேன். கிராமத்தில் கண்பட்டுவிடும் என்று வாய்விட்டுப் புகழ மாட்டார்கள் என்று எங்கோ படித்திருந்ததால், அந்த 'ம்' என்பதையே பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

கணவர் சாப்பிடும்போது, "பாகல் வந்துடுச்சா?" என்று கேட்டார். அழைக்காத விருந்தாளி வந்துவிட்டதைப் பற்றிக் கேட்கும் தொனி. வந்துவிட்டது என்றேன். "ஆடிக்கு இன்னும் நெறைய நாள் இருக்கு," என்றார்.

புரட்டாசியில் தக்காளிக்கு நாற்று விட்டேன், முள்ளங்கியும் போட்டேன். இரண்டுக்கும் அக்காதான் நாள் சொன்னார். முள்ளங்கி நேராக இறங்கிப் பருத்தது. தக்காளியில் கொஞ்சம் வாடல் நோய் வந்தது, ஆனால் அது வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் தக்காளியிலும் வந்தது. தை மாதம் வீட்டுக்குத் தேவையானது போக மீதியைத் தெருவில் கொடுத்தேன். எப்போது போவீர்கள் என்று கேட்டவர்கள் அதைக் கேட்பதை நிறுத்தினார்கள். பந்தலுக்குப் புதிதாகக் கல்தூண் நடலாமா என்று கணவரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

மாசியில் கத்தரி வைக்க நினைத்தேன். அக்காவிடம் கேட்டேன். "நாளைக்கே வெச்சுரு கண்ணு, உன் கைக்கு நாளைக்கு நல்லா இருக்குது," என்றார். நாற்று வாங்கப் பொம்மிடிச் சந்தைக்குப் போனேன்.

நாற்று விற்கும் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். ஈரச் சாக்கில் நாற்றுகளைக் கட்டுக் கட்டாக அடுக்கி, அதன் நிழலில் கைப்பேசியை வைத்திருந்தார். கத்தரியில் இரண்டு கட்டு எடுத்தேன்.

"எப்ப நடப்போறீங்க மேடம்?"

"நாளைக்கு."

"நாளைக்கு வேணாங்க. இருங்க, அந்தம்மா என்ன சொல்லியிருக்குதுன்னு கேட்டுர்றேன். நான் பாட்டுக்கு வித்துட்டு, அப்புறம் செடி வரலன்னா என்னைத்தான் திட்டுவீங்க."

கைப்பேசியைத் தட்டிக் காதுக்குப் பக்கத்தில் வைத்தவர், எனக்கும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டினார். அக்காவின் குரல். அவர் பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலே எனக்கு அடையாளம் போதும்.

"நாளைக்குப் பரணி. சந்திரன் மேஷத்துல நிக்கறான். நாத்து யாரும் நட்டுறாதீங்க, கருகிப்போயிரும். ரோகிணி வரைக்கும் பொறுங்க. இது யாரு கையா இருந்தாலும் இதேதான். கைக்கு ஒரு நாளு, ஆளுக்கு ஒரு நாளுன்னு எவளாச்சும் சொன்னா நம்பாதீங்க. அதெல்லாம் பொழப்புக்குச் சொல்றது."

நான் கட்டுகளைக் கீழே வைத்தேன். பக்கத்துக் கடையில் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். தராசுத் தட்டின் சத்தம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

"பழசெல்லாம் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"இருக்குங்க. நான் எதையும் அழிக்கறதில்ல."

"போன ஆடியில என்ன சொன்னாங்கன்னு கேக்கலாமா?"

அவருக்கு அது வினோதமாக இருந்திருக்கும். ஆனால் வியாபாரம் மந்தமாக இருந்த நேரம். தள்ளித் தள்ளி ஆடிக்குப் போனார். மகத்தில் எதையும் ஊன்ற வேண்டாம், சந்திரன் சிம்மத்தில் நிற்கிறான், உத்திரத்தில் கொடி போடுங்கள் என்றது அக்காவின் குரல். புரட்டாசிக்கு வந்தோம். ஆயில்யத்தில் முள்ளங்கி, திருவோணத்தில் தக்காளி நாற்று. எனக்குச் சொன்னதில் இரண்டும் இடம் மாறியிருந்தன. ஆயில்யத்தில் தக்காளி விட்டேன், திருவோணத்தில் முள்ளங்கி போட்டேன். ஒரு தடவை என்றால் மறதி என்று எழுதிவிடலாம். எல்லாத் தடவையும் ஒரே பக்கம் சாய்ந்தால் அதற்கு வேறு பெயர்.

"அந்தம்மாவத் தெரியுமுங்களா உங்களுக்கு?" என்றார் நாற்றுக்காரப் பெண்.

"பக்கத்து வீடு."

"குடுத்து வெச்சவங்க நீங்க. கூடவே இருந்து கேட்டுக்கலாம்."

நாற்று வாங்காமல் பேருந்து ஏறினேன்.

அக்கா வீட்டுப் பின்கட்டில் புளி தட்டிக்கொண்டிருந்தார். கல்லில் வைத்து மரச்சுத்தியால் ஒரு தட்டு, விரலால் கொட்டையைப் பிதுக்கி ஒரு பக்கம், சதையை ஒரு பக்கம். எதிரில் உட்கார்ந்தேன்.

"நாத்து கெடைக்கலியா?"

"கெடைச்சுது. வாங்கல. அக்கா, எனக்கு ஏன் நாளை மாத்திச் சொன்னீங்க?"

"யாரு சொன்னா உனக்கு?"

"நீங்கதான். சந்தையில உங்க குரலைப் போட்டுக் காமிச்சாங்க. ஆடியிலேர்ந்து கேட்டுட்டு வரேன்."

இன்னும் இரண்டு காய் தட்டினார். பிறகு சுத்தியைக் கல்லின் மேல் வைத்தார்.

"உன் வூட்டுக்காரருதான் கேட்டாரு," என்றார்.

நான் பேசவில்லை. பேட்டியில் எதிரில் இருப்பவர் தொடங்கிவிட்டால் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்த பாடம். அன்று அது திறமையால் வந்த மௌனம் இல்லை.

"நீங்க வர்றதுக்கு முந்தி போன் பண்ணாரு. 'அண்ணி, அவ நான் சொன்னாக் கேக்க மாட்டா. ஒரு வெள்ளாமை போச்சுன்னா தானா கிளம்பிருவா. நாள மட்டும் மாத்திச் சொல்லிருங்க'ன்னாரு. கொழுந்தனாரு எங்கிட்ட வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதே இல்ல. நான் என்னான்னு சொல்லுவேன்?"

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்." முந்தானையில் விரல்களைத் துடைத்தார். புளி போகவில்லை. "வெதை மட்டும் நல்ல வெதையாக் குடுத்தேன் கண்ணு. எங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்ததுலேர்ந்து குடுத்தேன். நாளு கெடுத்தாலும் வெதை எழுப்பி வுட்ரட்டும்னு."

"ரெண்டையும் ஒரே சமயத்துல நெனச்சீங்களா?"

"ஆமா. என்ன பண்ணச் சொல்ற?"

சுத்தியை மறுபடி எடுத்தவர் அவராகவே, "நெலத்துக்கு ஆசப்பட்டுச் செஞ்சேன்னு நெனச்சுக்காத," என்றார். அதை நான் கேட்கவே இல்லை.

எழுந்து வந்தேன். வேலியைத் தாண்டும்போதுதான் ஒன்று உறைத்தது. அக்கா இந்த நாட்களை நம்புகிறவர். மகத்தில் ஊன்றினால் கொடி கருகும் என்பது அவருக்கு, அடுப்பில் கை வைத்தால் சுடும் என்பதைப் போல. எனக்கு மகம் என்று சொன்ன அந்த நொடியில் அவர் மனத்தில் என் தோட்டம் கருகிவிட்டது. அதன்பிறகு மாதக்கணக்கில் அதே வேலி ஓரத்தில் நின்று என்னைக் கண்ணு என்று கூப்பிட்டார். செடி பிழைத்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

கணவர் சாயங்காலம் தேநீர்க் கடையிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றி முடிக்கும் முன்பே சொன்னேன். நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, ஒரு செருப்போடு நின்றார்.

"அண்ணி சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்க."

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். நாள்ல என்ன இருக்கு? நீயே சொல்லுவியே, அதெல்லாம் ஒண்ணும் இல்லேன்னு. தோட்டமும் வந்துடுச்சு. இதுல உனக்கு என்ன நஷ்டம்?"

இந்த வாதத்தை அவர் முன்பே யோசித்து வைத்திருந்தார் என்று தெரிந்தது. நல்ல வாதம். நாள் பொய் என்றால் பொய்யான நாளைக் கொடுத்ததில் குற்றம் எங்கே?

"நான் போட்டது விளையக்கூடாதுன்னு நெனச்சீங்களா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

இன்னொரு செருப்பைக் கழற்றினார். இரண்டையும் சேர்த்து வைத்தார்.

"நான் இந்த ஊரை விட்டுப் போறதுக்குன்னே படிச்சவன்," என்றார். "திரும்பி வந்து இங்க உக்காந்துக்கணும்னு என்னிக்கும் நெனச்சதில்ல. கடைக்குப் போனா இன்னிக்கும் என்னை எங்கப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடறான். நீ ரெண்டு பாத்தி கட்டிட்டு சந்தோஷமா இருந்த. எப்படிச் சொல்றது?"

"இப்ப சொன்ன மாதிரி."

"சொன்னா நீ வருத்தப்படுவே. ஆனா இருந்துக்கலாம்னுதான் சொல்லுவே. நீயா வேணாம்னு சொன்னா நல்லா இருக்கும்னு நெனச்சேன்."

"அந்த நாள் வேலை செய்யும்னு நம்பினீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார். "ஒருவேளை செய்யும்னு நெனச்சேன்," என்றார். இருபத்தெட்டு வருடங்களில் அவர் என்னிடம் இவ்வளவு நேராகப் பேசியது குறைவு. அதனால்தான் அது இவ்வளவு வலித்தது என்று நினைக்கிறேன். இப்படிப் பேச முடிந்தவர் ஆனி மாதமே பேசியிருந்தால், நான் ஒருவேளை சாமான்களைத் திருப்பி ஏற்றியிருப்பேன். அவர் அண்ணியின் நம்பிக்கையையும் என் நம்பிக்கையையும் எடுத்துக்கொண்டு, இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று மோதவிட்டு, தான் தள்ளி நின்றார்.

அதன்பிறகு ஒப்பந்தத்தைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆடிவரை காத்திருக்கவும் இல்லை. சித்திரையில், சென்னையில் பழைய நண்பர் ஒருவரின் அலுவலகத்தில் கணக்கு பார்க்க ஆள் கேட்கிறார்கள், போகலாமென்று இருக்கிறேன் என்றார் கணவர். போங்கள் என்றேன்.

பொம்மிடி நிலையத்துக்கு நானும் போனேன். போகக்கூடாது என்று தோன்றவில்லை. சென்னை வண்டி தாமதம் என்று அறிவித்தார்கள். பலகையில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் பாட்டில் வாங்கி வந்தார், எனக்கும் ஒன்று. தூரத்தில் மரவள்ளி ஏற்றிய லாரி ஒன்று கேட் திறக்கக் காத்திருந்தது. வண்டி வரும் அறிகுறி தெரிந்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அங்க போய் வீடு பாக்கணும். ரெண்டு ரூமாப் பாக்கட்டுமா, ஒரு ரூம் போதுமா?"

என்னை வா என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வியையும் வேறொன்றின் மேல் ஏற்றித்தான் அனுப்பினார். எனக்கு அது கோபமாக வரவில்லை. களைப்பாக இருந்தது.

"ஒண்ணு போதும்," என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். வண்டி அங்கே அதிக நேரம் நிற்பதில்லை. ஏறி, கதவோரம் நின்று, உள்ளே போனார்.

வீடு வந்து சேர்ந்தபோது மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது, அன்று எங்கள் முறை. நான் இல்லாததால் அக்கா போட்டிருக்கிறார். வாய்க்காலில் தண்ணீர் என் பாத்திகளுக்குத் திரும்பியிருந்தது. மடையைத் திருத்திவிட்ட மண்வெட்டி வரப்பில் கிடந்தது. அது அவருடையது. வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவரை இதைச் செய்யச் சொன்னது யார் என்ற கேள்விதான் எனக்கு முதலில் வந்தது. யாரும் சொல்லாமல் அவராகவே செய்திருக்கலாம் என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது.

மோட்டாரை நிறுத்தினேன். பாதிப் பாத்திகள் நனைந்திருந்தன. மண்வெட்டியைக் கழுவி வேலியின் அந்தப் பக்கம் சாய்த்து வைத்தேன். உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்து, மீதிப் பாத்திகளுக்கு மோட்டாரை நானே போட்டேன்.